வாசலில் ஒரு ரெசிஸ்டன்ஸ்

என் தங்கையின் பேரன் பேஸ் கிடார் வாசிக்கிறவன். வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் வேலை. சனி ஞாயிறு வந்தால் மெல்லிசைக் குழுவோடு ஊர் ஊராகப் போய்விடுவான். அவனிடம் வால்வில் ஓடும் பிரீஆம்ப் ஒன்று இருக்கிறது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த அலெம்பிக் நிறுவனத்தார் பேஸ் கிடாருக்கென்று செய்த எஃப்-2பி என்ற பெட்டியின் சர்க்யூட்டைப் பார்த்து யாரோ கையால் கட்டியது. செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்து உயிராக வைத்திருக்கிறான். பேஸுக்கு அது நன்றாகத்தான் பேசுகிறது. இப்போது அதே பெட்டியில் மைக்கைச் செருகிப் பாட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

“செருகிப் பாத்தேன் தாத்தா. வால்யூமை முழுசாத் திருகினாலும் குரலைவிட இரைச்சல்தான் பெருசா வருது. நீங்க மாத்திக் கொடுங்க” என்று பெட்டியோடு வந்து நின்றான்.

கடைக்குப் போனால் சில ஆயிரம் ரூபாய்க்கு மைக் பிரீஆம்ப் கிடைக்கும். இரைச்சலும் அதில் குறைவாகவே இருக்கும். அதைச் சொன்னேன். அவனுக்கு வால்வுதான் வேண்டுமாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வால்வு என்றதும் அதில் அமிர்தம் சுரக்கிறது என்று நினைக்கிறார்கள். அவர்கள் இனிமை என்று சொல்வதில் பெரும்பகுதி, வால்வு தன் எல்லையை நெருங்கும்போது ஒலியோடு தானாகச் சேர்த்துவிடும் கலப்படம்தான். அந்தக் கலப்படம் காதுக்கு இதமாக இருப்பது வேறு விஷயம். வால்வை விட்டால் வேறு கதியில்லாத காலத்தில், திருவிழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் கல்யாணத்துக்கும் போகும் ஆம்ப்ளிஃபயர்களைத் திறந்து மூடியே பிழைத்தவன் நான். வால்வை எப்படி இனிக்க வைப்பது என்று நாங்கள் யோசித்ததில்லை. எப்படி உறுமாமல் வைப்பது என்பதே எங்கள் கவலை. ஆனாலும் கை அரித்தது. பெட்டியை வாங்கி மேஜைமேல் வைத்துத் திறந்தேன்.

அலெம்பிக், 1969-இல் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவைச் சுற்றி உருவானது. மேடை ஒலியும் பதிவும் தெளிவாக இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்கள் கூடித் தொடங்கியது. பேஸுக்கென்று வந்த இந்தப் பெட்டியை பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் தன் கிடாருக்கே எடுத்துக்கொண்டார். ஆனால் உள்ளே இருக்கும் சர்க்யூட்டின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. ஃபெண்டர் நிறுவனத்தின் ஷோமேன் ஆம்ப்ளிஃபயரில் முன்பகுதியை மட்டும் எடுத்துத் தனிப் பெட்டியில் வைத்தது இது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் எங்கள் ஜாதி. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் 1938-இல் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவர். உலகத்துக்கெல்லாம் கிடார் செய்து கொடுத்த அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவர்கள் கடைக்கு வந்து குறை சொல்வார்கள், இவர் கேட்டுக்கொள்வார், அடுத்த உருப்படியில் திருத்துவார். வாசிக்கத் தெரிந்திருந்தால் அந்த அளவுக்குக் கேட்டிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

பெட்டி ஏன் மைக்கை மதிக்கவில்லை என்று பேரனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவனிடம் இருப்பது ஷூர் எஸ்எம்58. 1966-இலிருந்து மேடைக்கு மேடை நிற்கிற மைக். வாயை ஒட்டி வைத்துக் குரலெழுப்பிப் பாடி 94 டெசிபல் அழுத்தம் அதன் வலையில் பட்டால் 1.85 மில்லிவோல்ட் கொடுக்கும். ஒரு மீட்டர் தள்ளி நின்று சாதாரணமாகப் பேசினால் 60 டெசிபல்தான் தேறும். அப்போது கிடைப்பது 0.037 மில்லிவோல்ட். பேஸ் கிடாரின் கம்பியைக் கொஞ்சம் அழுத்தித் தட்டினால் சில நூறு மில்லிவோல்ட் வந்துவிடும். ஆக, தள்ளி நின்று பேசும் ஒருவர் கொண்டுவருவது பேஸ் கொண்டுவருவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பேஸுக்கென்று கட்டிய பெட்டிக்கு இப்படி ஒருவர் வந்து நிற்பதே தெரியாது.

“அப்ப முன்னாடி இன்னொரு வால்வு போட்டுப் பெருக்கிடலாமே?”

எல்லோரும் முதலில் சொல்கிற வைத்தியம் அதுதான். போதவில்லையா, இன்னொன்றைச் சேர். ஆனால் பேச்சு எது, இரைச்சல் எது என்று வால்வுக்குத் தெரியாது. வந்ததை எல்லாம் ஒரே கண்ணால் பார்த்துப் பெருக்கும். முதல் கட்டத்திலேயே இரைச்சல் குரலோடு கலந்துவிட்டால், அதற்குப் பின்னால் எத்தனை கட்டம் வைத்தாலும் இரண்டும் சேர்ந்தே வளரும். பின்கட்டத்தில் எவ்வளவு உயர்ந்த சாமானைப் போட்டாலும் வாசலில் தொலைத்ததை மீட்க முடியாது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த முதலாளி படித்தவர் அல்ல. கிராமத்திலிருந்து ரேடியோவைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வருவார்கள். வந்தவர் வாயைத் திறந்ததும் முதலாளி எழுந்து போய் மின்விசிறியை நிறுத்துவார். மேஜையில் ஓடிக்கொண்டிருக்கும் ரேடியோவையும் அணைப்பார். எங்களையும் ஈயப் பற்றுக்கோலைக் கீழே வைக்கச் சொல்வார். பிறகுதான், “சொல்லுங்கய்யா” என்பார். அவர்கள் சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள். மாடு கன்று போட்டது, மாப்பிள்ளை வந்தது எல்லாம் வரும். நடுவில் ஓரிடத்தில், “பகல்ல நல்லாத்தான் பாடுது, வெளக்கு வைக்கிற நேரத்துலதான் மூச்சு வாங்குது” என்று ஒரு வார்த்தை விழும். அங்கே முதலாளியின் தலை அசையும். ஊரே விளக்குப் போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குகிறது. களைத்துப்போன வால்வு ஒன்று அதைத் தாங்கவில்லை. மீட்டர் வைக்கும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும். அதே ரேடியோவை, பேச்சைக் கேட்காமல் வாங்கி வைத்துப் பகல் வெளிச்சத்தில் சோதித்த வேறு கடைகள், ‘ஒரு குறையும் இல்லை’ என்று திருப்பி அனுப்பியிருக்கும்.

பெட்டிக்கு வருவோம். கிடார் ஒயர் நுழையும் இடத்திலிருந்து முதல் வால்வில் ஒலி நுழையும் முனையான கிரிட் வரைக்கும் உள்ள வழியில் 68 கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸ் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஃபெண்டர் காலத்து வழக்கம் அது. கிடார் ஒயர் ஆன்டெனா மாதிரி ரேடியோ நிலையத்தைப் பிடித்து இழுத்துவந்தால் அதை வாசலில் தடுப்பது அதன் வேலை. பேஸுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. மைக்குக்கு அதுதான் எமன்.

காரணம், எந்த ரெசிஸ்டன்ஸும் சும்மா இருப்பதில்லை. கரண்டே ஓடாமல் மேஜைமேல் கிடந்தாலும், வெப்பத்தால் உள்ளே எலெக்ட்ரான்கள் அலைந்துகொண்டே இருப்பதால் அதன் இரு முனைகளுக்கும் இடையே ஒரு மெல்லிய இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அதை அளந்தார். நைக்விஸ்ட் அதற்குக் கணக்குச் சொன்னார். 1928-இல் இரண்டும் அச்சில் வந்தன. அந்தக் கணக்குப்படி காது கேட்கும் எல்லைக்குள் 68 கிலோ ஓம் எழுப்பும் இரைச்சல் ஏறக்குறைய 5 மைக்ரோவோல்ட். தள்ளி நின்று பேசும் ஆளின் குரலோ 37 மைக்ரோவோல்ட். குரலில் ஏழில் ஒரு பங்குக்கு இரைச்சல்! வால்வுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே, வாசற்படியிலேயே. 150 ஓம் உள்ள மைக் தானாக எழுப்பும் இரைச்சல் 0.22 மைக்ரோவோல்ட்தான். வந்தவர் கொண்டுவந்த இரைச்சல் கொஞ்சம். அவரை வரவேற்க நாம் வைத்திருக்கும் இரைச்சல் இருபது மடங்கு.

பேரன் கொஞ்ச நேரம் அந்த ரெசிஸ்டன்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். “இத்துனூண்டு இருக்கு” என்றான். நானே அதைப் பிடுங்கியிருப்பேன். அவன் கையால் பிடுங்கட்டும் என்று விட்டேன். அந்த இடத்தில், கிரிட் முனையை ஒட்டி 1 கிலோ ஓம் வைத்தோம். ரேடியோ அலையைத் தடுக்கும் மற்ற வேலையை, அடுத்து வரப்போகும் டிரான்ஸ்பார்மரும் அதன் உறையும் பார்த்துக்கொள்ளும்.

டிரான்ஸ்பார்மரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன்; எனக்குப் பிரியமான சாமான் அது. அதற்குக் கரண்ட் கொடுக்க வேண்டியதில்லை. சூடாகாது, தேயாது. ஒன்றுக்குப் பத்து என்று கம்பி சுற்றியிருந்தால், வருகிற வோல்டேஜைப் பத்து மடங்காக்கிக் கொடுக்கும். இனாமாக அல்ல. கடப்பாரையால் கல்லை நெம்பும்போது நம் பக்கம் அதிக தூரம் இறங்கி, கல் பக்கம் கொஞ்சம் தூரம் பலமாக எழுவதுபோல, கரண்டை இழந்து வோல்டேஜை வாங்குகிறது. மைக்கில் கரண்டுக்குக் குறைவில்லை. வால்வின் கிரிட்டுக்கோ கரண்டே வேண்டாம், வோல்டேஜ் போதும். ஒருவரிடம் இருப்பதை இன்னொருவருக்குத் தேவையானதாக மாற்றித் தருவதே அதன் வேலை. 37 மைக்ரோவோல்ட் 370 ஆகிறது. மைக்கின் 150 ஓம், பத்தைப் பத்தால் பெருக்கிய நூறு மடங்காக, 15 கிலோ ஓமாக வால்வுக்குத் தெரிகிறது. வால்வு தானாக எழுப்பும் இரைச்சல் அதற்குக் கீழே அடங்கிவிடுகிறது.

ஐம்பதுகளில் வந்த ஃபெண்டர் டீலக்ஸ் ஆம்ப்ளிஃபயரில் கிடாருக்குப் பக்கத்திலேயே மைக்குக்கென்று ஒரு துளை இருந்தது. அப்போது டிரான்ஸ்பார்மர் இல்லாமலே ஓடியது எப்படி என்று பேரன் கேட்டான். நல்ல கேள்வி. அந்த மைக்குகள் ஹை இம்பீடன்ஸ் வகை. எங்கள் மைக் செட்டிலும் அதேதான். மைக்கின் வயிற்றுக்குள்ளேயே டிரான்ஸ்பார்மர் இருக்கும். அதனால் ஒயர் நீளமாகப் போனால் குரல் மங்கும், உறுமல் ஏறும். மேடைக்குக் கீழே ஆம்ப்ளிஃபயரோடு நாங்கள் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு அதுவும் காரணம். இப்போது டிரான்ஸ்பார்மர் மைக்கிலிருந்து பெட்டிக்கு இடம் மாறியிருக்கிறது. பாடுகிறவர் சுமந்ததைக் கேட்கிறவர் வாங்கிக்கொண்டார்.

ரிச்சி தெருவில் தேடினான், தோதாகக் கிடைக்கவில்லை. கடைசியில் வெளிநாட்டிலிருந்து ஜென்சன் ஜேடி-115கே-இ வரவழைத்தான். பெட்டியில் உள்ள மற்ற சாமான்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதன் விலைக்கு வராது. வந்ததும் ஆர்வத்தில் மல்டிமீட்டரை எடுத்து ஓம் பார்க்கப் போனான், கையைப் பிடித்துக்கொண்டேன். நிக்கல் கலந்த அதன் இரும்புக் கரு, மீட்டர் அனுப்பும் கொஞ்சம் டிசி கரண்டிலேயே காந்தமேறிவிடலாம். பிறகு மெல்லிய ஒலிகள் கோணும். சிலவற்றைச் சோதித்துப் பார்ப்பதே அவற்றைக் கெடுப்பது. இதை நான் அவனுக்கு விரித்துச் சொல்லவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவன், அவனே தெரிந்துகொள்வான்.

அந்த டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் 150 கிலோ ஓம் சுமை இருக்க வேண்டும் என்பது அதன் செய்முறைக் கணக்கு. பெட்டியிலோ கிரிட்டுக்கு 1 மெகா ஓம். கிடார் பிக்கப்புக்கு அது சரி. டிரான்ஸ்பார்மருக்கு அது மிகவும் தளர்வு; உச்ச ஒலிகளில் மணி அடித்ததுபோல் தானாக அதிரத் தொடங்கும். 150 கிலோ ஓமை வைத்தோம். மைக்கிலிருந்து பார்த்தால் 1,500 ஓம் சுமை, மைக்கின் சொந்த இம்பீடன்ஸைப்போலப் பத்து மடங்கு. பிடியும் இருக்கிறது, நெரிசலும் இல்லை.

எங்கே பொருத்துவது என்பதில்தான் நேரம் போனது. பவர் டிரான்ஸ்பார்மர் தன்னைச் சுற்றி 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலத்தைப் பரப்பிக்கொண்டிருக்கும். மைக் டிரான்ஸ்பார்மர் உலோக உறைக்குள் இருந்தாலும் அதில் கொஞ்சத்தைப் பிடித்துவிடும். இதற்குப் புத்தகக் கணக்கு உதவாது. ஒயரை நீளமாக விட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, டிரான்ஸ்பார்மரைக் கையில் பிடித்து மெல்ல மெல்லத் திருப்பிக் கேட்க வேண்டும். ஒரு கோணத்தில் உறுமல் தணிந்து, ஏறக்குறைய மறைந்து, அதைத் தாண்டினால் மறுபடி ஏறும். அந்தக் கோணத்தில் நட்டு போட்டு இறுக்க வேண்டும். அது பெட்டியின் விளிம்புக்கு இணையாக அமையவில்லை; கோணலாக உட்கார்ந்தது. “பாக்க அசிங்கமா இருக்கே தாத்தா” என்றான். மூடி போட்டபிறகு யார் பார்க்கப்போகிறார்கள்?

இவ்வளவும் வாசல் வேலை. உள்ளே போனபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

12ஏஎக்ஸ்7 வால்வு, ஐரோப்பாவில் இதற்கு இசிசி83 என்று பெயர், ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு வால்வாக வேலை செய்வது. முதல் பாதி குரலை ஐம்பது மடங்குக்கு மேல் பெருக்குகிறது. இரண்டாம் பாதியும் அப்படியே. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு மடங்கைத் தாண்ட வேண்டும். ஆனால் வெளியே வருவது அதில் பத்தில் ஒரு பங்குதான். மீதி எங்கே போகிறது? நடுவில் பாஸ், மிடில், டிரெபிள் என்று மூன்று குமிழ்கள் இருக்கின்றனவே, அந்த டோன் கன்ட்ரோல் தின்றுவிடுகிறது. அதனால் எதையும் ஏற்ற முடியாது, குறைக்க மட்டுமே தெரியும். டிரெபிளை ஏற்றியதாக நாம் நினைப்பது, மற்றவற்றை வெட்டியதுதான். அதுவும் ஃபெண்டர் வகை டோன் கன்ட்ரோல் நடு ஒலிகளில் ஆழமாகப் பள்ளம் தோண்டும். குமிழ்கள் பாதியில் நின்றால் அங்கே 20 டெசிபலுக்குப் பக்கம் போய்விடும். பேஸுக்கும் கிடாருக்கும் அந்தப் பள்ளம் அழகு. மனிதக் குரல் குடியிருப்பதோ அந்தப் பள்ளத்தில்தான்.

ஆக, இந்தப் பிள்ளை குரல் போதவில்லை என்று இன்னொரு வால்வு சேர்க்கப் பார்த்தானே, தேவையான பெருக்கம் பெட்டிக்குள்ளேயே இருந்தது. கொடுத்த கையே பறித்துக்கொண்டிருந்தது.

எங்கள் தெருவில் ஒரு நண்பர். வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர், நல்ல மனிதர். மகன் தன்னிடம் எதுவுமே பேசுவதில்லை என்று என்னிடம் வருத்தப்படுவார். அதற்காக அவர் செய்யாததில்லை. படிக்கும்போது பைக் வாங்கிக் கொடுத்தார். அப்பாவும் பிள்ளையுமாகக் கோடைக்கானல் போய் வந்தார்கள். விலையுயர்ந்த போன் வாங்கித் தந்தார். ஒருநாள் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது மகன் வந்து, “அப்பா, இந்த வேலை எனக்கு…” என்று தொடங்கினான். “பிடிக்கலையா? முதல் ஆறு மாசம் யாருக்கும் பிடிக்காது. நான் சேர்ந்தப்போ…” என்று இவர் பிடித்துக்கொண்டார். பையன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டான். அவன் சொல்ல வந்தது பிடிக்கவில்லை என்பதைத்தானா என்று யாருக்குத் தெரியும்? பிடித்திருக்கிறது, வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றுகூட இருந்திருக்கலாம். நண்பர் என் பக்கம் திரும்பி, “பாத்தீங்களா, வந்தான், ஒரு வார்த்தை பேசாம போயிட்டான்” என்றார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. வயதான பிறகு நட்பு முக்கியம்.

எழுபது வயதுக்கு மேல் வாழ்ந்து பார்த்ததில், பிள்ளைகளுக்கு நாம் செய்யத் தவறியது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கொடுக்கிறோம், அளவுக்கு மீறியும் கொடுக்கிறோம். கொடுத்ததில் முக்கால்வாசியை நடுவிலேயே தின்றுவிடும் பழக்கங்கள் சில நம்மிடம் இருக்கின்றன. அவை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் அவற்றை அக்கறை என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். டோன் கன்ட்ரோலைச் செய்தவரும் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை.

அந்தக் குமிழ்களைப் பிடுங்கி எறியவில்லை. டோன் கன்ட்ரோலின் அடிமுனை எர்த்துக்குப் போகும் ஒயரில் ஒரு சுவிட்ச் வைத்தோம். சுவிட்சைத் திறந்தால் தின்பதற்கு வழி அடைபட்டு, குரல் ஏறக்குறைய முழுசாக அடுத்த வால்வுக்குப் போகும். மூடினால் பழைய ஃபெண்டர் பள்ளம் திரும்ப வரும். அந்தச் சுவிட்சுக்கு ஆன செலவு ஒரு டீயும் வடையும்.

இப்போது பிரச்சினை தலைகீழானது. பெருக்கம் அதிகமாகிவிட்டது. வாயை ஒட்டி வைத்து உச்ச ஸ்தாயியில் பாடினால், டிரான்ஸ்பார்மரைத் தாண்டி முதல் வால்வைக் கடக்கும்போதே ஒரு வோல்ட்டைத் தொட்டுவிடுகிறது. அதற்கு நடுவில் உள்ள வால்யூம் குமிழ் போதும். ஆனால் இவன் குழுவில் டிரம்ஸுக்கும் இதே மைக்கை வைப்பார்கள். முதல் வால்வே திணறினால் பின்னால் உள்ள குமிழால் என்ன செய்ய முடியும்? அதனால் டிரான்ஸ்பார்மருக்கு முன்னால், அழுத்தினால் 20 டெசிபல் குறைக்கும் பேட் ஒன்றும் வைக்க வேண்டியிருந்தது. மெல்லியதைக் கேட்கப் பழகிய காதுக்குக் கூச்சல் வலிக்கும். அதற்கும் ஏற்பாடு வேண்டும்.

வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்குப் பழைய பெட்டியில் 6.3 வோல்ட் ஏசி கொடுத்திருந்தார்கள். குரல் இவ்வளவு பெருகும்போது அதன் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் ஏறும் என்பதால் டிசி ஆக்கினோம். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்திலேயே ஓடும் 300 வோல்ட் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது நிற்கும். ஒரு ரெசிஸ்டன்ஸ் வழியாக அதை இறக்கி, மீட்டர் வைத்து உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும்; அப்போதும் இடது கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வது எங்கள் தலைமுறைப் பழக்கம். ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும். பேரனின் இடது கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு முறை அதட்டவும் செய்தேன். பொறுமையாகச் சொல்ல வேண்டிய விஷயம் என்று எல்லாவற்றையும் சொல்ல முடியாது.

வெளியே போகும் வழியிலும் ஒரு வேலை இருந்தது. இரண்டாம் வால்வின் வெளி இம்பீடன்ஸ் சுமார் 38 கிலோ ஓம். பக்கத்தில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு எட்டடி ஒயர் என்றால் சமாளிக்கும். மேடையிலிருந்து மைதானத்து மிக்ஸருக்கு 30 மீட்டர் ஒயர் இழுத்தால், மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வைத்தாலும் 1.4 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் சரிவு தொடங்கிவிடும். சகரமும் ககரமும் வழியிலேயே கரைந்துபோகும். எவ்வளவோ கற்று, அதைப் பக்கத்து நாற்காலிக்காரருக்குக்கூடக் கொண்டுசேர்க்க முடியாத பண்டிதர்களை எனக்குத் தெரியும். கேத்தோடு ஃபாலோவராக ஒரு 12ஏயு7 சேர்த்தோம். அது குரலைத் துளியும் பெருக்காது. நீள ஒயரைத் தள்ளும் பலத்தை மட்டும் கொடுக்கும். ஆக, பேரன் ஆசைப்பட்ட அந்தக் கூடுதல் வால்வு கடைசியில் வந்தேவிட்டது, அவன் நினைத்த இடத்தில் அல்ல.

கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் ஃபான்டமும் வைத்துவிடலாம் என்றான். அந்த 48-க்கு ஒரு கதை உண்டு. 1966-இல் நாய்மன் நிறுவனத்தார் நார்வே வானொலிக்கு மைக் கொடுக்கப் போனபோது, அங்கே அவசர விளக்குகளுக்கென்று 48 வோல்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதையே மைக்குக்கும் எடுத்துக்கொண்டார்கள். உலகம் முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது. இருட்டு நாட்டு விளக்குக்கு வைத்த கரண்டில்தான் இன்றைக்குச் சென்னை ஸ்டூடியோக்களில் பாடுகிறார்கள். கதையைச் சொன்னேன், வைக்க மறுத்துவிட்டேன். அவனிடம் கண்டென்சர் மைக்கே இல்லை. வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்; இடம் விட்டிருக்கிறேன்.

எல்லாம் மாட்டி முடித்ததும், சமையலறை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் தங்கையின் பக்கம் மைக்கைத் திருப்பி, “ஏதாவது பேசு பாட்டி” என்றான். அவள் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். “என்னத்தைப் பேச, உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்லையா?” என்றாள். ஸ்பீக்கரில் ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது. தொடர்ந்து எங்கள் இருவரையும் பற்றி அவள் முணுமுணுத்ததும் விழுந்தது. அதை எழுத மாட்டேன்.

ஒரு குறை இருந்தது. மேஜையைத் தட்டினால் ‘டிங்’ என்று கேட்டது. முதல் வால்வுக்குள் இருக்கும் தகடுகள் அதிர்கின்றன. என் பழைய டப்பாவில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வுகள் சில பஞ்சில் சுற்றி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக மாட்டிப் பென்சில் முனையால் தட்டிப் பார்த்ததில் ஒன்று சத்தமில்லாமல் உட்கார்ந்தது. அதை முதல் இடத்துக்கும், டிங் என்றதைப் பெரிய பெருக்கம் இல்லாத இடத்துக்கும் ஒதுக்கினோம். பேஸ் பக்கத்தில் அது இன்றைக்கும் நன்றாகவே ஓடுகிறது.

பேஸ் பக்கம் என்று ஏன் சொன்னேன் என்றால், பெட்டியில் இரண்டு சேனல். ஒன்றை மட்டும்தான் மாற்றினோம். அடுத்ததையும் இப்படியே மாற்றிவிடலாம் என்று அவன் அன்றைக்கே கிளம்பினான். இன்னொரு ஜென்சன் வாங்க அவனிடம் பணமில்லை. இருந்திருந்தாலும் நான் சம்மதித்திருக்க மாட்டேன். அந்த 68 கிலோ ஓம், 1 மெகா ஓம், நடுவில் பள்ளம் போடும் மூன்று குமிழ்கள் எல்லாம் பேஸுக்கு வேண்டியவை. பிக்கப் அந்த 1 மெகா ஓமைப் பார்த்தால்தான் மேல் ஸ்தாயி மங்காமல் திறந்து பேசும். 1,500 ஓம் சுமையில் மாட்டினால் அதன் குரல்வளையை நெரித்ததாகிவிடும். முகப்பில் இடது சேனலுக்கு மேல் ‘மைக்’ என்றும் வலது சேனலுக்கு மேல் ‘பேஸ்’ என்றும் வெள்ளை பெயின்ட்டால் எழுதிக் கொடுத்தேன். அவன் குழுவில் வேறு யாராவது அவசரத்தில் மாற்றிச் செருகாமல் இருக்க வேண்டும்.